அத்தியாயம் 14: வியாழக்கிழமை டீசல்

ஓடைப்பட்டியில் நல்லகண்ணுவின் வீட்டு வாசலில் அன்று காலை இரண்டு கார்கள் நின்றன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே டீசல் இன்ஜின். வெள்ளை நிறத்தது பதினாலாம் வருஷத்து மாடல். ஐந்து வருஷமாக வீட்டில் ஓடுகிறது. சாம்பல் நிறத்தது பதினெட்டாம் வருஷத்து மாடல். அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லி புரோக்கர் நேற்றுத்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார். பழையதைக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு ஏதாவது போட்டு இதை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

இரண்டுக்கும் நடுவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த மூக்கம்மாளுக்கு வண்டியில் பெரிய அக்கறை இல்லை. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான் அவளுக்குக் கவலை.

மகள் மகாலட்சுமி, ஜஸ்டின் என்கிற, சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருஷமாகிறது. அவள் போன அந்த மாதமே, மகன் சுரேஷ்கண்ணனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். நல்லகண்ணு சொந்தபந்தங்களின் நடுவில் எழுந்து நின்று, "இனிமே அவ பேரு இந்த வீட்டுல கேக்கக்கூடாது" என்றார். அன்றிலிருந்து கேட்கவில்லை. இப்போதுதான் கெங்குவார்பட்டியிலிருந்து சினேகா என்கிற பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள்.

மீட்டர் ஓடாத, பின்கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்த வேண்டிய வெள்ளை வண்டி அன்றைக்கு வாசலில் நிற்கக்கூடாது என்பது சுரேஷின் பிடிவாதம். வண்டியை விடவே கூடாது என்பது நல்லகண்ணுவின் பிடிவாதம். அவர் ஏன் அந்த இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்பது மட்டும் யாருக்கும் புரியவில்லை.

"அப்பா, நேத்து ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாத்துட்டேன்" என்றபடி சுரேஷ் வந்து எதிரே உட்கார்ந்தான். நல்லகண்ணு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே பங்க்கு, ஒரே பம்பு. கழுத்து வரைக்கும் ஊத்தி, தேனி பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடி கழுத்து வரைக்கும் ஊத்துனேன். தூரத்தைப் போன்ல பாத்துக்கிட்டேன். ரெண்டுலயும் ஏசி போடல, ஒரே வேகம். புதுசு லிட்டருக்கு இருபத்தொண்ணு குடுக்குது. நம்ம பழசு எம்புட்டுன்னு நெனைக்கிறீக?"

"எம்புட்டு?"

"பத்தொம்பதரை."

நல்லகண்ணுவின் முகம் மலர்ந்தது. "பின்ன என்னலே? நல்ல வண்டிதான. வச்சுக்கிருவோம்."

"அதில்லப்பா விஷயம்." சுரேஷ் குரலைத் தாழ்த்தினான். "நாலு வருச வித்தியாசத்துக்கு ஒண்ணரை கொறையிறது நியாயந்தான். ஆனா வாராவாரம் புதன்கிழமை சாயங்காலம் நான் டேங்க்கை ரொப்பி நிறுத்துறேன். வியாழக்கிழமை நீங்க முட்டி வலிக்கு ஆசுபத்திரியில கரண்டு வைக்கத் தேனி போயிட்டு வர்றீக. அடுத்த நாள் பாத்தா, தேனி போய் வந்த தூரத்துக்குப் பதிமூணு கூட வர மாட்டேங்குது. மாடல் பழசு, வண்டிதான் குடிக்குதுன்னு இத்தனை நாளா நெனைச்சேன். வண்டி குடிக்கலையே. அப்ப மிச்ச டீசலு எங்க போச்சு?"

நல்லகண்ணு குனிந்துகொண்டார். இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டே இருந்தார்.

சுரேஷே பதிலையும் வைத்திருந்தான். வெள்ளை வண்டி ராத்திரியில் நிற்பது திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில். கொட்டகைச் சாவி தோட்ட வேலைக்கு வரும் மலையம்மாளிடம் இருக்கும். பக்கத்துத் தோட்டங்களில் மருந்தடிக்கிற மெஷின் டீசலில் ஓடுவதால் வாங்கவும் ஆள் உண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாக வருகிறது என்றான்.

சொன்ன கையோடு வாசலுக்குப் போனான். மலையம்மாள் அப்போதுதான் கூடையோடு வந்து நின்றாள்.

"சாவியக் குடு."

"எதுக்குய்யா?"

"வண்டியில இருந்து டீசல எடுத்து எங்க விக்கிற?"

மலையம்மாளுக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியதும் கூடையைக் கீழே வைத்தாள். "நான் எடுக்கலய்யா. எம்புள்ள சத்தியமா எடுக்கல. அதுல எப்படி எடுக்கிறதுன்னே எனக்குத் தெரியாதே." அவள் சுரேஷைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஐயா, நீங்க சொல்லுங்கய்யா. பன்னெண்டு வருசமா நம்ம கொடியத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

நல்லகண்ணு தலையைத் தூக்கவில்லை.

"நாளையில இருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு சுரேஷ் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மலையம்மாள் இன்னொரு முறை உள்ளே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுப்படி நிலையில் நின்றிருந்த மூக்கம்மாள் கணவரையே பார்த்தாள். போன வருஷம் ஒரு வியாபாரி, கூலிக்கு வந்தவளின் மடியைச் சோதிக்கணும் என்று சொன்னபோது, வந்த விலையும் வேண்டாம், இந்தத் தோட்டத்தை விட்டு வெளியே போ என்று விரட்டியவர் இவர். இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தட்டில் இட்லி அப்படியே கிடந்தது.

தப்பு செய்யாதவளுக்காக வாய் திறக்காதவர், தப்பு எங்கே என்று தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சுரேஷ் புறப்பட்டான். சின்னமனூரில் புரோக்கரைப் பார்த்து, காகிதங்களை முடித்து, பகல் பன்னிரண்டு மணிக்கு அவரை வீட்டுக்கே கூட்டி வந்து வெள்ளை வண்டியை ஒப்படைப்பதாக ஏற்பாடு. சாம்பல் வண்டி சத்தமில்லாமல் தெருவைத் தாண்டியது.

நல்லகண்ணு கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார். "கடைசியா ஒருக்கா கரண்டு வச்சிட்டு வந்திர்றேன். மதியத்துக்குள்ள வந்திருவேன்."

மூக்கம்மாள் மனதுக்குள் வியாழக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. இரண்டு வருஷமாகக் கரண்டு வைத்தும் முட்டி வலி குறையவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வீடு திரும்பியதும் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஆட்டுவார். "காது அடைச்சிருக்கு" என்பார். முட்டிக்கு வைத்த கரண்டு காதை ஏன் அடைக்கிறது என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, ரோட்டில் ஹாரன் சத்தம் என்றார்.

அவளுக்கும் ஒருமுறை காது அப்படி அடைத்திருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்குப் போனபோது, குமுளி மலை ஏறி இறங்கிய அன்று.

குமுளி என்று நினைத்ததும் அவளுக்கு மகள் நினைவு வந்தது. அவள் அந்தப் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறாள் என்று மட்டும் காதில் விழுந்திருந்தது. ஒரு கல்யாண வீட்டில் நாத்தனார் அய்யம்மாள், "ஒம் மக இருக்காளே…" என்று ஆரம்பித்தவள், பின்னால் சுரேஷ் நிற்பதைப் பார்த்துப் பேச்சை மாற்றிவிட்டாள்.

மூக்கம்மாள் சேலையைக்கூட மாற்றவில்லை. போனை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, வெள்ளை வண்டியின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"நீ எங்க வர்ற?"

"எனக்கும் முட்டி வலிக்குது. அந்த டாக்டர நானும் பாக்கணும்."

நல்லகண்ணு பூட்டிய வீட்டுக் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார்.

சின்னமனூர் மெயின் ரோட்டில் ஏறினால் வலது பக்கம் தேனி. இடது பக்கம் உத்தமபாளையம், கம்பம், அதற்கும் மேலே மலை. நல்லகண்ணு வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டார்.

"இடது பக்கம் திருப்புங்க" என்றாள் மூக்கம்மாள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். ஏன் என்று கேட்டிருந்தால் ஒருவேளை அவள் தன் நினைப்பைச் சந்தேகித்திருப்பாள். அவர் கேட்கவில்லை. பின்னால் டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. இண்டிகேட்டரை மாற்றி, வண்டியை இடது பக்கம் ஒடித்தார்.

உத்தமபாளையம் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு அவள் கேட்டாள். "எப்பயிருந்து போறீக?"

"பாப்பா பொறந்ததுல இருந்து."

"எந்தப் பாப்பா?"

நல்லகண்ணு வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு பக்கமும் நெல் வயல். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "பொம்பளப் புள்ள. இப்ப ஓடுது."

மூக்கம்மாள் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். தனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். பிறந்து, தவழ்ந்து, எழுந்து, ஓடவும் தொடங்கிவிட்டாள். இவ்வளவும் நடந்திருக்கிறது. அந்த நாட்களில் எல்லாம் தான் மாவாட்டிக்கொண்டும் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டும் இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"பிரசவத்துக்கு கம்பத்துல சேத்திருக்காக, கஷ்டமா இருக்குன்னு மார்க்கெட்டுல ஒருத்தர் சொன்னாரு" என்றார் நல்லகண்ணு. "உசுரோட இருக்காளான்னு மட்டும் கேட்டுட்டு வந்திருவோம்னு போனேன். நல்லா இருக்கான்னு வாசல்லயே சொன்னாக. திரும்பிட்டேன். அப்பறம் குமுளி பஸ் ஸ்டாண்டுகிட்ட அவ ஜெராக்ஸ் கடை போட்டிருக்கான்னு தெரிஞ்சது. ஒருக்கா போயிப் பாத்தேன். பெறகு போகாம இருக்க முடியல."

"பேசுனீகளா?"

"இல்ல."

"வண்டிய விட்டு எறங்கியாச்சும் இருக்கீகளா?"

"எப்படி எறங்குவேன்? அத்தனை பேரு நடுவுல சொன்னவன் நானு."

"அவுக நடுவுல சொன்னத அவுகளோட வச்சுக்கிருங்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ தாங்க மாட்ட. ஓடிப்போயித் தூக்கிருவ. சுரேசுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அவன் வாழ்க்க ஒருக்கா முறிஞ்சது போதாதா?"

மூக்கம்மாள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"அவ போன முத தீவாளிக்கு எனக்குப் போன் போட்டா. 'யம்மா'ன்னா. நீங்க எதுத்தாப்புல உக்காந்திருந்தீக. ராங் நம்பருன்னு சொல்லி நான் கட் பண்ணுனேன். அதுக்கப்பறம் அவ போடவே இல்ல. உங்க வார்த்தைக்குப் பயந்து நான் எம்மகள ராங் நம்பருன்னு சொன்னேன். நீங்க என்னடான்னா வாராவாரம் போயிப் பாத்துட்டு வந்து, எங்கையாலேயே முட்டிக்கு எண்ண தேய்ச்சுக்கிட்டீக."

அவர் கண் கலங்கியிருந்தது. அவள் அதற்கு இரங்கவில்லை.

"பேத்தி நடக்கப் பழகுனத நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன். கடை வாசல்ல. ரெண்டு எட்டு வச்சு விழுந்துச்சு."

"நான் பாக்கல" என்றாள் மூக்கம்மாள். "இன்னைக்கு மலையம்மா அழுதுக்கிட்டே போறா. நீங்க பேத்தியப் பாத்த டீசலுக்கு அவ திருடியா? வண்டிய எடுங்க."

கூடலூர் கடந்து லோயர்கேம்ப் வந்தது. மலைச்சரிவில் மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் தெரிந்தன. ஏற்றம் ஆரம்பித்ததும் நல்லகண்ணு கியரைக் குறைத்தார். முன்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டு ஊர்ந்தது. அதன் பின்னாலேயே இரண்டாவது கியரில் வளைவு வளைவாக ஏற வேண்டியிருந்தது. சமதளத்தில் பத்தொன்பதரை கொடுக்கிற வண்டி வாராவாரம் இந்த மலையில் ஏறுகிறது என்று சுரேஷுக்குத் தெரிந்திருந்தால், கணக்கை எப்போதோ முடித்திருப்பான். பாதி மலையில் மூக்கம்மாளுக்குக் காது அடைத்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

செக்போஸ்ட் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஒரு பேக்கரி வாசலில் நல்லகண்ணு வண்டியை நிறுத்தினார். அவருக்குப் பழகிப்போன இடம் என்பது நிறுத்திய விதத்திலேயே தெரிந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அணைக்க மாட்டீகளா?"

"யாராச்சும் பாத்துட்டா உடனே எடுக்கணும்ல. எப்பவும் ஓட விட்டுத்தான் வச்சிருப்பேன்."

மூக்கம்மாள் கையை நீட்டிச் சாவியைத் திருகினாள். வண்டி குலுங்கி அடங்கியது.

எதிர்ச்சாரியில், தமிழிலும் மலையாளத்திலும் போர்டு எழுதிய சின்னக் கடை. மெஷினுக்கு முன்னால் மகாலட்சுமி நின்றாள். இளைத்திருந்தாள். தாளை எடுத்து அடுக்கிக்கொண்டே ஒருமுறை வெள்ளை வண்டியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பழையபடி தலையைக் குனிந்துகொண்டாள். வழக்கமாக அவள் அப்படித்தான் செய்வாள் போலிருந்தது.

மூக்கம்மாள் கதவைத் திறந்து இறங்கினாள். ஜீப் ஒன்று போகக் காத்திருந்து ரோட்டைக் கடந்தாள். மகாலட்சுமி மறுபடி நிமிர்ந்தபோது அம்மா கடை வாசலில் நின்றாள்.

தாள்கள் கையிலிருந்து நழுவித் தரையில் பரவின. "யம்மா" என்றாள்.

மூக்கம்மாள் என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தாள். "ராங் நம்பரு இல்ல ஆத்தா, நாந்தான்" என்றுதான் வாயில் வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அவள் அழுதபோது, ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த ஒருவர் தன் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு அப்பால் நகர்ந்தார்.

மேஜைக்கு அடியிலிருந்து குழந்தை வெளியே வந்தது. சுருட்டை முடி. கையில் மை காய்ந்த பேனா. அம்மா அழுவதைப் பார்த்துவிட்டு அதுவும் உதட்டைப் பிதுக்கியது.

"பேரு என்ன?"

"பெனிஷா."

வாயில் சுலபமாக நுழையாத பெயரை மூக்கம்மாள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். தூக்கியதும் குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு ரோட்டைக் காட்டி, "வெள்ள காரு" என்றது.

"அவ தினம் பாக்குற கார் இல்ல அது. வியாழக்கிழமைதான் வரும்னு அவளுக்கும் தெரியும்" என்றாள் மகாலட்சுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப ஒனக்குத் தெரியுமா? அப்பா வர்றது?"

"மொத வாரமே தெரியும்மா. அந்த வண்டி எனக்குத் தெரியாதா? எறங்குவாக, எறங்குவாகன்னு பாப்பேன். கிட்டப் போயிப் பேசுன்னுதான் ஜஸ்டின் சொல்வாக. எனக்குத்தான் பயம். நான் பக்கத்துல போனா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவாகளோ, அப்பறம் இதுவும் இல்லாமப் போயிருமோன்னு. அதான் இவள வாசல்ல விளையாட விட்டுருவேன். பாத்துட்டாவது போகட்டும்னு."

மூக்கம்மாள் ரோட்டின் மறுபக்கத்தைப் பார்த்தாள். நல்லகண்ணு வண்டிக்குள்ளேயே, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மகாலட்சுமிதான் போனாள். ரோட்டைக் கடந்து போய், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து நல்லகண்ணு காலைத் தரையில் வைத்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தபோது, உண்மையிலேயே முட்டி வலிக்கிறவர்போல நடந்தார்.

கடைக்குள் இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை மகாலட்சுமி அவருக்கு இழுத்துப் போட்டாள். பக்கத்துக் கடையில் டீ சொன்னாள். டீ வருவதற்குள் மூக்கம்மாளின் சுருக்குப் பையில் போன் அடித்தது.

சுரேஷ். மூக்கம்மாள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா, அப்பாவுக்குப் போட்டா எடுக்கவே மாட்டேங்குறாரு. வீடு பூட்டிக் கெடக்கு. புரோக்கரு வந்து நிக்கிறாரு. வண்டி எங்க? தேனியிலயா இருக்கீக?"

நல்லகண்ணு அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையாட்டினார். தேனி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைய பொழுது ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் நல்லபடியாக முடிந்துவிடும். மகனுக்கு ஒரு கல்யாணம் நடந்துவிடும்.

"இல்லப்பா" என்றாள் மூக்கம்மாள். "குமுளியில இருக்கோம். மகா கடையில."

மகன் மேலே கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"டீசலு இங்கன வந்து போகத்தான் போச்சு. உங்க அப்பா ரெண்டு வருசமா வர்றாக. மலையம்மா ஒரு சொட்டு எடுக்கல. நீ இப்பவே அவ வீட்டுக்குப் போயி, சாவிய அவ கையில குடுத்து, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வா. மத்தத நாங்க வந்து பேசிக்கிருவோம்."

"நீங்க வர வேண்டாம்." சுரேஷின் குரல் மாறியிருந்தது. அதில் இருப்பது கோபமா வேறா என்று பெற்றவளுக்கே பிடிபடவில்லை. "அங்கனயே இருங்க. நான் வர்றேன்."

போன் அணைந்தது.

"அண்ணன் என்னம்மா சொன்னான்?" மகாலட்சுமி குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது. "சண்டைக்கு வர்றானா?"

"தெரியல ஆத்தா. வர்றேன்னான்."

நல்லகண்ணு நாற்காலியிலிருந்து எழுந்தார். வண்டிக்குத்தான் போகப்போகிறார் என்று மூக்கம்மாள் நினைத்தாள். அவர் போகவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ரோட்டில் போகிற எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி கடை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"வரட்டும்" என்றார். "அன்னைக்குச் சொன்னது நாந்தான். மாத்திச் சொல்ல வேண்டியதும் நாந்தான்."

மகன் வந்து எதிரே நிற்கும்போதும் அவருக்கு இந்தக் குரல் இருக்குமா என்பது மூக்கம்மாளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். குழந்தையை மகளிடம் கொடுக்காமல், மடியில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.